தலை நிற்காத குழந்தை: ரியல்கேர் பேபி பொம்மை மதிப்புரை

அமெரிக்க ஹைஸ்கூலில் ‘சைல்டு டெவலப்மென்ட்’ பாடம் எடுத்திருக்கும் பிள்ளை, ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை மாலை கார் சீட்டில் ஒரு குழந்தையோடு வீடு வந்து சேரும். சுமார் 3 கிலோ எடை, 21 அங்குல நீளம், வினைல் தோல், பிடிமானமே இல்லாத கழுத்து. திங்கள் காலை எட்டு மணிக்குத் திருப்பிக் கொடுக்கும்வரை, ஏறத்தாழ 65 மணி நேரம், அது இரவு பகல் பார்க்காமல் அழும். ஒவ்வொரு அழுகைக்கும் பிள்ளை எப்போது எழுந்தது, என்ன செய்தது, தலையைத் தாங்கியதா இல்லையா என்பதை எல்லாம் உள்ளே குறித்து வைத்துக்கொள்ளும். இதுதான் ரியல்கேர் பேபி. விஸ்கான்சின் மாநிலம் ஓ கிளேர் நகரிலுள்ள ரியாலிட்டிவொர்க்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு.

பச்சைக்குழந்தையை எப்படித் தூக்குவது, ஓர் இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கும் என்ற இரண்டையும் பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க ஒரு வகுப்பறைக்கு இதைவிட நல்ல கருவி அமைவது கடினம். ஆனால் பாடத்தின் பெயரில் ‘குழந்தை’, ‘வளர்ச்சி’ என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. இரண்டாவது சொல்லை இந்தப் பொம்மை தொடுவதே இல்லை. ஐந்து வருடம் பள்ளி அலமாரியில் இருந்தாலும் இதற்குத் தலை நிற்காது. பொம்மையைக் குறை சொல்லவில்லை. அதை எந்த வேலைக்குப் பயன்படுத்துகிறோம் என்று ஆசிரியரும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதன் பிறப்பே வேறு நோக்கத்துக்காக. முன்பெல்லாம் அமெரிக்கப் பள்ளிகளில் 5 பவுண்டு மைதா மாவுப் பையையோ ஒரு முட்டையையோ கொடுத்து, ‘இதுதான் உன் குழந்தை, ஒரு வாரம் பார்த்துக்கொள்’ என்பார்கள். முட்டை உடையாமல் இருந்தால் தேர்ச்சி. விண்வெளித் துறைப் பொறியாளரான ரிக் ஜர்மெய்னும் அவர் மனைவி மேரியும், அழாத மாவுப்பை என்ன குழந்தை என்ற எண்ணத்தில் 1990களின் முற்பகுதியில் அழும் பொம்மையை உருவாக்கினார்கள். அதன் முதல் பெயர் ‘பேபி திங்க் இட் ஓவர்’. யோசித்துப் பார் என்ற அந்தப் பெயரிலேயே நோக்கம் தெரிகிறது: பதின்வயதுக் கர்ப்பத்தைத் தடுப்பது. பிறகுதான் அது குழந்தை வளர்ச்சி வகுப்புக்கான பாடக்கருவி ஆனது. தோன்றிய நோக்கத்தின் தடம் இன்னும் அதில் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் பொம்மை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மாணவரின் மணிக்கட்டில் கழற்ற முடியாத ஒரு பட்டை கட்டப்படும். அதோடு ஓர் அடையாள வில்லை. வெட்டினாலோ இழுத்து நீட்டினாலோ பட்டை காட்டிக்கொடுத்துவிடும். குழந்தை அழத் தொடங்கியதும் வில்லையைப் பொம்மையின் உடம்பருகே கொண்டுபோக வேண்டும். மணி போல ஓர் ஒலி கேட்டால் ‘இன்னார் வந்திருக்கிறார்’ என்று பதிவாகிவிட்டது என்று அர்த்தம். அந்த ஒலி வருவதற்கு முன் செய்யும் எந்தப் பணிவிடையும் கணக்கில் சேராது. முதல் இரவில் பலர் மதிப்பெண் இழப்பது இங்கேதான்: தூக்கக் கலக்கத்தில் நேராகப் புட்டியை வாயில் வைத்துவிட்டு, ஏன் அழுகை நிற்கவில்லை என்று குழம்புகிறார்கள். ஒலி வந்த பிறகும் ஓரிரு நிமிடம்தான் அவகாசம். அதற்குள் அழுகைக்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். அணைக்கும் பொத்தான் மாணவர் கையில் கிடையாது.

காரணம் நான்கில் ஒன்று: பால், ஏப்பம், டயபர், தாலாட்டு. அழுகை ஒலிகள் நிஜக் குழந்தைகளிடமிருந்து பதிவு செய்யப்பட்டவை. ஆனால் கேட்ட மாத்திரத்தில் ‘இது பசி, இது ஈரம்’ என்று பிரித்தறிய முடியும் என்று நம்பிப் பயனில்லை. ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பதுதான் வழி. முதலில் டயபரை மாற்றிவிடுவது நல்லது. அது சில நொடி வேலை. அதுதான் காரணம் என்றால் உடனே தெரிந்துவிடும். பிறகு புட்டி. உறிஞ்சும் சத்தம் கேட்டால் பசிதான். இல்லையென்றால் தோளில் போட்டு முதுகில் தட்டிப் பார்க்க வேண்டும், கடைசியில் ஆட்டல். சரியானதைச் செய்ததும் அழுகை நிற்கும். ஆனால் வேலை முடிந்ததாக அர்த்தம் இல்லை. நிறைவாகக் கொஞ்சும் ஓர் ஒலி வரும்வரை அதையே தொடர வேண்டும். பாதியில் புட்டியை எடுத்தால் மறுபடி அழுகை. ஒரு கையில் புட்டியும் மறு கையில் செல்போனும் வைத்திருப்பவர்களுக்குப் புட்டியின் நுனி பொம்மையின் வாயிலிருந்து மெல்ல நழுவும், உறிஞ்சும் ஒலி நிற்கும், அதைக் கவனிக்க மாட்டார்கள். பால் முடிந்ததும் உடனே படுக்கப் போகாமல் தோளில் போட்டுத் தயாராக இருப்பது நல்லது. பெரும்பாலும் அடுத்துக் கேட்பது ஏப்பம்தான்.

டயபர் தனிக் கதை. துணியால் ஆன இரண்டு டயபர்கள், இரண்டு நிற அடையாளங்களோடு வரும். இரண்டிலும் உணரிகள் தைக்கப்பட்டிருக்கும். ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் போட்டால்தான் மாற்றியதாகப் பொம்மைக்குத் தெரியும். இருட்டில் கழற்றிய அதே டயபரை மறுபடி மாட்டுவது மிகச் சாதாரணமான தவறு. படுக்கைக்கு அருகில் மாற்று டயபரை மட்டும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்துக்கொண்டு, கழற்றியதை எதிர்ப்பக்கம் போடும் பழக்கம் இருந்தால் இது நடக்காது. தளர்வாகக் கட்டினாலும், முன்பின் மாறினாலும் உணரி பொம்மையின் உடம்போடு ஒட்டாது. நடுராத்திரியில் திடீரென்று காரணமில்லாமல் அழுவது போலத் தோன்றும். இடுப்பில் சேர்ந்து படியும்படி ஒட்ட வேண்டும். ஒரு விரல் நுழையும் இடைவெளி போதும். நிஜக் குழந்தைக்கும் அதே அளவுதான், அதனால் இந்தப் பழக்கம் வீண் போகாது. புதிய ரகப் பொம்மையில் உடை மாற்றியதும், கார் சீட்டில் இருந்த நேரமும், சுற்றுப்புற வெப்பமும் பதிவாகின்றன.

மிக நல்ல பகுதி கழுத்து. தலை எல்லாப் பக்கமும் தொய்ந்து விழும்படி செய்திருக்கிறார்கள். தாங்காமல் விட்ட ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணிக்கை கூடும். உடனே அழவும் செய்யும். இவ்வளவு துல்லியமாக, கோபப்படாமல், சலிக்காமல் திருத்தும் ஆசிரியர் வேறு யாரும் இல்லை. நூறு முறை ‘தலைக்குக் கீழே கை வை’ என்று சொல்லிக் கற்பிக்க முடியாததை இரண்டு மணி நேரத்தில் கைக்குப் பழக்கிவிடுகிறது. பிசகு நடக்கும் இடங்கள் எப்போதும் இந்த மூன்றுதான்: கார் சீட்டிலிருந்து தூக்கும்போது, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போது, தோளில் போட்டுத் தட்டிவிட்டு மடிக்கு இறக்கும்போது. தூக்குவதற்கு முன்பே ஒரு கை பிடரியிலும் மறு கை இடுப்புக்கடியிலும் போய்விட வேண்டும். கை மாற்றும்போது வாங்குபவரின் உள்ளங்கை பிடரியில் பட்ட பிறகுதான் கொடுப்பவர் தன் கையை எடுக்கலாம். கார் சீட்டிலிருந்து எடுக்கும்போது வாரைக் கழற்றிவிட்டு முதலில் தலையை முன்னே கொண்டுவந்து தாங்கிக்கொள்ள வேண்டும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தலை பின்னால் சாய்வது உறுதி.

தலைத்தாங்கல் தவிர முரட்டுக் கையாளல், உலுக்கல், முகம் கவிழ்ந்து கிடத்தல் ஆகியவையும் தனித்தனியாகப் பதிவாகும். ஆட்டும்போது வேகம் கூடினால் முரட்டுக் கையாளலாக எண்ணப்படும். நின்றுகொண்டு தோளைக் குலுக்குவதைவிட, நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பிலிருந்து முன்னும் பின்னும் மெல்ல அசைவது சரியாக வரும்.

வீட்டில் என்ன செய்ய வேண்டும்? வெள்ளிக்கிழமைக்கு முன்பே பிள்ளையின் வார இறுதி அட்டவணையைப் பார்த்து, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வோ நடன அரங்கேற்றமோ பகுதிநேர வேலையோ இருந்தால் ஆசிரியரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அந்த மணிநேரங்களுக்குக் குழந்தையை அமைதியாக இருக்க வைக்கும் வசதி மென்பொருளில் உண்டு. பொம்மை கிளம்பிய பிறகு அட்டவணையை மாற்றுவது கடினம், முன்கூட்டிச் சொல்வது எளிது. தம்பி தங்கைகள் எடுத்து விளையாடக் கூடாது. பதிவாகும் தவறு மாணவரின் கணக்கில் ஏறும். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி ஆசையோடு வாங்கிக்கொண்டால் தடுக்க வேண்டாம், பிடரியில் கை வைப்பதில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூளி கட்டிப் போட வேண்டும் என்று மட்டும் யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்: துணி வளைவதால் தாடை மார்பில் படிந்துவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை சமமான, கெட்டியான படுக்கையில், மல்லாக்க, தலையணையும் போர்வையும் இல்லாமல் படுக்க வைப்பது. 1994இல் ‘பேக் டு ஸ்லீப்’ என்று தொடங்கிய அந்த இயக்கத்தைப் பற்றிப் பிள்ளை வகுப்பில் படித்திருக்கும். பொம்மைக்கும் அப்படியே படுக்கை போடுவது பாடத்தின் ஒரு பகுதி.

தண்ணீரில் நனைக்கக் கூடாது, குளிப்பாட்டவே கூடாது. பேனா மையும் சாயம் போகும் புது ஜீன்ஸும் வினைல் தோலில் ஊறிவிட்டால் எளிதில் போகாது. ஈரத்துணியில் இளஞ்சோப்பு தொட்டு உடனே துடைக்க வேண்டும். பல பள்ளிகள் சேதச் செலவை ஏற்பதாகப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகின்றன. ஒரு பொம்மை உபகரணங்களோடு ஆயிரம் டாலரை ஒட்டி வரும் என்பதால் அந்தத் தாளை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகக் கூடாது. வெப்பம் பதிவாகும் என்பது ஒரு காரணம். கண்ணாடி வழியே பார்ப்பவருக்கு அது நிஜக் குழந்தை, அவர் அவசர உதவி எண்ணான 911ஐ அழைப்பார் என்பது இன்னொன்று. இரண்டு இரவு சரியாகத் தூங்காத பதினாறு வயதுப் பிள்ளையைத் திங்கள் காலை கார் ஓட்ட விடாதீர்கள். இந்தப் பட்டியலில் உயிர் சம்பந்தப்பட்டது இது ஒன்றுதான்.

வீட்டில் அண்மையில் குழந்தையை இழந்த துயரமோ கருச்சிதைவோ நடந்திருந்தால் மாற்றுப் பணி கேளுங்கள். விவரம் சொல்ல வேண்டியதில்லை. ‘குடும்பக் காரணம்’ போதும்.

ஆசிரியர் பக்கத்து வேலையைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. 24 பேர் வகுப்பில் நான்கு பொம்மைகள் என்றால் ஆறு வார இறுதிகள் ஓடும். ஒவ்வொரு வியாழனும் முழுச் சார்ஜ் ஏற்ற வேண்டும், வெள்ளியன்று கணினியிலிருந்து கம்பியில்லா இணைப்பில் தொடக்க நேரமும் முடிவு நேரமும் அட்டவணையும் ஏற்ற வேண்டும், திங்களன்று பதிவுகளை இறக்க வேண்டும், உடைகளையும் டயபர்களையும் சரிபார்க்க வேண்டும். எளிது, நடுத்தரம், கடினம் என்று அட்டவணைகள் உண்டு. நிஜப் பெற்றோர் குறித்து வைத்த நேரங்களிலிருந்து அவற்றைத் தயாரித்திருக்கிறார்கள். ஒரே வகுப்பில் ஒருவருக்கு எளிதும் மற்றவருக்குக் கடினமும் கொடுத்துவிட்டு இருவரையும் ஒரே அளவுகோலில் மதிப்பிடுவது நியாயமில்லை. பிள்ளைகள் திங்களன்று ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், கேள்வி வரும். எல்லோருக்கும் நடுத்தரத்தில் ஆரம்பிப்பது நல்லது.

ரிப்போர்ட்டைப் படிப்பதிலும் பக்குவம் வேண்டும். விழுக்காட்டை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால் பாதித் தகவல் வீணாகிறது. நேரத்தோடு பதிவாகியிருக்கும் வரிகளைப் பாருங்கள். சனி இரவு மூன்று மணியிலிருந்து ஆறு வரை எந்தப் பணிவிடையும் இல்லை, மற்ற நேரமெல்லாம் சரி என்றால் அது அசட்டையாக இருக்காது. பிள்ளை அசந்து தூங்கியிருக்கிறது. தலைத்தாங்கல் தவறுகள் எல்லாம் வெள்ளி மாலையிலேயே நடந்து ஞாயிறு அன்று ஒன்றும் இல்லை என்றால் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது. மொத்த எண்ணிக்கைக்காக மதிப்பெண் குறைப்பது கற்றலுக்கே தண்டனை. முதல் 12 மணி நேரத்தையும் கடைசி 12 மணி நேரத்தையும் தனித்தனியாக எடுத்து ஒப்பிட்டால் உண்மையான முன்னேற்றம் தெரியும்.

இனி, பெட்டியில் எழுதாத ஒரு குறை. பொம்மையின் அழுகைக்கு விடை உண்டு. நான்கில் ஒன்று நிச்சயம் வேலை செய்யும். நிஜக் குழந்தையின் அழுகை முதல் வாரங்களில் ஏறிக்கொண்டே போய் இரண்டாவது மாதத்தில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் தணிகிறது. அந்த உச்சத்தில் பால் கொடுத்தும் மாற்றியும் ஆட்டியும் நிற்காத அழுகை உண்டு. யாருடைய தவறும் இல்லை. அப்போது பொறுமை எல்லை தாண்டுவதாகத் தோன்றினால் செய்ய வேண்டியது ஒன்றே: குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, சில நிமிடம் மூச்சு வாங்கி, யாரையாவது போனில் அழைப்பது. குழந்தையை உலுக்குவதால் வரும் மூளைக்காயத்தைத் தடுக்க மருத்துவர்கள் சொல்லும் முதல் அறிவுரை இது. பொம்மையிடம் இதையே செய்தால் ‘பணிவிடை தவறியது’ என்று பதிவாகும். அதாவது, நிஜ வாழ்க்கையில் உயிர் காக்கும் செயலுக்கு இங்கே மதிப்பெண் குறைகிறது. பொம்மையைக் கையில் கொடுக்கும் முன்பே ஆசிரியர் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘தாங்க முடியாமல் கீழே வைத்தேன்’ என்று நேரம் குறித்து எழுதி வந்தால் அந்தத் தவறைக் கழித்துவிட வேண்டும்.

பதின்வயதுக் கர்ப்பத்தைத் தடுக்கிறதா என்ற பழைய கேள்விக்கும் இப்போது பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 57 பள்ளிகளைச் சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்து, 13 முதல் 15 வயதுப் பெண்களை 20 வயதுவரை தொடர்ந்து பார்த்த ஆய்வு 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வகுப்புகளோடு வார இறுதியில் பொம்மையும் பெற்ற 1,267 பேரில் 8 விழுக்காட்டினர் குழந்தை பெற்றிருந்தார்கள். வழக்கமான உடல்நலப் பாடம் மட்டும் பெற்ற 1,567 பேரில் 4 விழுக்காட்டினர். கருக்கலைப்பும் 9 விழுக்காட்டுக்கு 6 விழுக்காடு என்று பொம்மைப் பக்கமே கூடுதல். அங்கே நடந்தது தங்கள் பாடத்திட்டம் அல்ல என்று தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டாலும்கூட, பொம்மை பயமுறுத்தித் தடுக்கும் என்ற நம்பிக்கைக்கு அந்த எண்களில் ஆதாரம் இல்லை. ‘இதை வீட்டுக்கு அனுப்பினால் பிள்ளைகள் திருந்துவார்கள்’ என்ற எண்ணத்தில் பள்ளி நிர்வாகம் வாங்கினால் அந்தப் பணத்தை வேறு எதற்காவது செலவிடலாம். குழந்தையைத் தூக்கக் கற்றுக்கொடுக்க வாங்கினால் வாங்கலாம்.

சரி, வளர்ச்சிக்கு வருவோம். 1970களில் உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் செய்த ஒரு சோதனை இந்தப் பாடத்தில் எல்லோரும் படிப்பது. கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தை அசைவில்லாமல் வைத்துக்கொள்கிறாள். சில மாதக் குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கலங்குகிறது. பதில் தராத முகத்தைக் குழந்தையால் தாங்க முடியவில்லை. ரியல்கேர் பேபியில் அந்தச் சோதனை தலைகீழாக நடக்கிறது: இங்கே அசையாத முகம் குழந்தையுடையது. மாணவர் என்ன பேசினாலும், எப்படிப் பாடினாலும் அது மதிப்பெண்ணில் ஏறாது. மௌனமாக, வெறுப்போடு, ஆனால் நேரத்துக்குப் புட்டியை வைத்தவருக்கும் தாலாட்டுப் பாடியபடி வைத்தவருக்கும் ஒரே விழுக்காடு. பேச்சும் பதில் பேச்சுமாகத்தான் குழந்தையின் மூளை வளர்கிறது என்று திங்களன்று பாடம் நடத்திவிட்டு, வெள்ளியன்று பேச்சுக்கு மதிப்பில்லாத பொம்மையைக் கொடுத்தால், பிள்ளை எதை நம்பும்?

குழந்தை வளர்ச்சி என்பது மாறிக்கொண்டே இருப்பதைப் பார்க்கும் படிப்பு. அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. 2022இல் திருத்திய வளர்ச்சிப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. செல்போன் செயலியும் உண்டு. இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிப்பது, நான்கில் தூக்கி வைத்திருக்கும்போது தலை நிற்பது, ஆறில் குப்புறக் கிடந்தது மல்லாக்கப் புரள்வது, ஒன்பதில் பிடிக்காமல் உட்கார்வது, பன்னிரண்டில் பிடித்து எழுந்து நிற்பது, பதினைந்தில் தானாகச் சில அடி வைப்பது. இவை நான்கில் மூன்று பங்குக் குழந்தைகளாவது அந்த வயதில் செய்யக்கூடியவை. பழைய பட்டியல் சராசரியை வைத்துப் போடப்பட்டது. இந்த வித்தியாசத்தை மாணவருக்குச் சொல்லாவிட்டால், வீட்டிலிருக்கும் அண்ணன் குழந்தையைப் பார்த்துத் தேவையில்லாமல் பயப்படுவார், அல்லது பயப்பட வேண்டிய இடத்தில் பேசாமல் இருப்பார். தவழ்தல் புதிய பட்டியலிலேயே இல்லை; தவழாமல் நேரே எழுந்து நடக்கும் குழந்தைகளும் உண்டு.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கே கூடுதலாக ஒன்று கையில் இருக்கிறது. பிள்ளைத்தமிழின் பருவங்கள் ஒரு வளர்ச்சிப் பட்டியல்தான். இரு கையும் ஊன்றித் தலையசைக்கும் செங்கீரை, கை கொட்டும் சப்பாணி, தளர்நடையில் வரும் வருகை, நிலவைச் சுட்டி அழைக்கும் அம்புலி. உடல், கை, நடை, பிறகு தொலைவில் இருப்பதைச் சேர்ந்து பார்க்கும் மனம் என்று வரிசை போகிறது. சி.டி.சி. பட்டியலோடு பக்கத்தில் வைத்து ஒரு பத்தி எழுதித் தந்தால் எந்த ஆசிரியரும் மகிழ்வார்.

ஆகவே பொம்மைக்கு அடுத்த வாரமே நிஜக் குழந்தைகள் வர வேண்டும். இரண்டு, ஆறு, பன்னிரண்டு மாதக் குழந்தைகளோடு மூன்று பெற்றோரை அழைத்து, ஒவ்வொருவருக்கும் 20 நிமிடம் கொடுத்தால் போதும். பொம்மையின் தலையை 65 மணி நேரம் தாங்கிய கை, ஆறு மாதக் குழந்தையின் கழுத்து தானாக நிற்பதைக் கண்டதும் அந்த ஆறு மாதத்தில் என்ன நடந்தது என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் ஆசிரியர் வேலை பாதி முடிந்தது. பெற்றோர் சம்மதத்தோடு சிறு சோதனைகளும் செய்யலாம். பத்து மாதக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் விளையாட்டுச் சாமான் ஒன்றைத் துணியால் மூடுங்கள். துணியை இழுக்கிறதா, மறந்துவிடுகிறதா? நான்கு வயதுக் குழந்தைக்கு முன்னால் ஒரே அளவான இரண்டு தம்ளர் தண்ணீரில் ஒன்றை உயரமான ஒல்லித் தம்ளருக்கு மாற்றி ஊற்றுங்கள். எதில் அதிகம் என்று கேளுங்கள். ஏழு வயதுப் பிள்ளையிடமும் அதே கேள்வி. குழந்தைகளின் சிந்தனை வளர்வதைப் பற்றி உளவியலாளர் பியாஜே சொன்னது பாடப்புத்தகத்தில் இருந்து எழுந்து வந்து எதிரே உட்காரும்.

குறிப்பு எடுப்பதில்தான் ஹைஸ்கூல் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். ‘கோபமாக இருந்தான்’ என்று எழுதுவார்கள். அது தீர்ப்பு. ‘கட்டையை இரண்டு முறை தரையில் எறிந்தான், உதட்டைக் கடித்தான், ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தான்’ என்பதுதான் குறிப்பு. தாளை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் நினைத்தது என்று பிரித்தால் இரண்டே அமர்வில் வித்தியாசம் பிடிபடும். 30 நிமிடத்தை ஒரு நிமிடக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் குழந்தை தனியாக விளையாடுகிறதா, பக்கத்தில் இருந்தும் தனித்தா, சேர்ந்தா என்று குறிப்பது அடுத்த படி. குழந்தையின் முழுப்பெயர் எழுதக் கூடாது, படம் எடுக்கக் கூடாது.

இதே நிறுவனம் உலுக்கலின் விளைவைக் காட்டும் பொம்மையும் விற்கிறது. ஒளி ஊடுருவும் தலைக்குள் மூளையின் பாதிக்கப்படும் பகுதிகள் விளக்காக எரியும். பத்து நிமிட விளக்கத்துக்கு அது மிகப் பயனுள்ளது, ஒரு பள்ளிக்கு ஒன்று போதும். கர்ப்பக்கால மதுவாலும் போதைப்பொருளாலும் பாதிக்கப்பட்ட குழந்தையைக் காட்டும் பொம்மைகளைத் தனியாக வாங்கத் தேவையில்லை. காணொளியிலேயே பாடம் முடிந்துவிடும்.

தனியாக வீட்டில் வாங்கிக் கற்பிக்க நினைப்பவர்களுக்கு: வேண்டாம். மென்பொருளும் பராமரிப்பும் ஒரு வகுப்புக்கு ஏற்றவை. பள்ளிக்கு வாங்குவதென்றால் இருபது பேருக்கு நான்கு என்ற கணக்கு சரிவரும். ஒன்றிரண்டு மட்டும் வாங்கினால் கடைசிப் பிள்ளைக்கு முறை வருவதற்குள் பாடம் வேறு அத்தியாயத்துக்குப் போயிருக்கும்.

பிள்ளையைப் பாடத்தில் சேர்க்கும் பெற்றோர், பொம்மை உண்டா என்று கேட்பதைவிட, நிஜக் குழந்தைகளோடு எத்தனை மணி நேரம் என்று கேட்கலாம். பல ஹைஸ்கூல்கள் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கான மழலையர் வகுப்பைத் தங்கள் கட்டடத்திலேயே நடத்துகின்றன. தொழிற்கல்விப் பிரிவில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிறு குழந்தைகளைப் பராமரித்துக் கற்பிப்பவர்களுக்கான சி.டி.ஏ. சான்றிதழுக்கும் விண்ணப்பிக்க முடியும். அதற்கு 120 மணி நேரப் பயிற்சியும் குழந்தைகளோடு 480 மணி நேர அனுபவமும் வேண்டும். பொம்மையோடு கழித்த 65 மணி நேரம் அந்த 480இல் சேராது.